கறிவேப்பிலைக் கள்ளரும் நானும்

இருபத்தெட்டு வயதில் ஓய்வு பெற்ற ஒருத்தியை நீங்கள் இதுவரை கண்டிருக்க மாட்டீர்கள். இப்போது கண்டுகொள்ளுங்கள். கொட்டாஞ்சேனைப் பொதுத்தோட்டத்தை நான்கு வருடம் ஓட்டிவிட்டு, நேற்றோடு பொறுப்பை உங்கள் ஆறு பேரிடமும் தந்துவிட்டேன். களைத்துப்போய் விலகுகிறேன் என்று நினைக்க வேண்டாம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மொட்டைமாடி கண்ணில் பட்டுவிட்டது. கடற்காற்று, நல்ல வெயில், சும்மா கிடக்கும் இரண்டு தண்ணீர்த் தாங்கிகள்! அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒழுங்காக நித்திரை இல்லை.

எந்த மாதம் எதை விதைப்பது, பசளை எப்படிச் செய்வது, எலியை என்ன செய்வது எல்லாம் கொப்பியில் இருக்கிறது. வாசியுங்கள். கொப்பியில் இல்லாத ஒரு கிழமையைப் பற்றி மட்டும்தான் இங்கே சொல்லப்போகிறேன். நான் பொறுப்பெடுத்து இரண்டாவது வருடம். அந்த ஒரு கிழமைக்குள் தோட்டத்தை ஏறக்குறைய நானே இழுத்து மூடப் பார்த்தேன். அதுவும் ஒரே ஒரு சொல்லால்.

இந்தக் காணி நமக்குச் சொந்தமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பழைய வீட்டை இடித்துவிட்டுச் சும்மா கிடந்த நிலம். வெள்ளவத்தையில் இருக்கிற காணிக்கார அன்ரி, “எனக்குத் தேவைப்படும் வரைக்கும் வைச்சிருங்கோ” என்று வாய்ச்சொல்லாகத் தந்தது. படலைக்குப் பூட்டு வேண்டாம் என்று முதல் நாளே பிடிவாதமாக நின்றது நான்தான். யாரும் வரலாம், யாரும் ஒரு பாத்தி எடுக்கலாம், யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. எவ்வளவு பெரிய மனது எனக்கு!

அந்தப் பெரிய மனது ஒரு ஞாயிற்றுக்கிழமை சுருங்கியது. பின்பக்கத்துப் பாத்திக்காரர் சிவராசா அங்கிள் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் எண்ணாமல் விடமாட்டார்.

“தங்கச்சி, இஞ்ச வாரும். இந்தக் கறிவேப்பிலை அடியில பன்ரண்டு குட்டி நிண்டது. இப்ப எத்தினை நிக்குது? நீரே எண்ணும்.”

மூன்று நின்றது.

“ஆரோ வேரோட கிளப்பிக்கொண்டு போறாங்கள். இதென்ன தோட்டமோ, திறந்த வீடோ?”

அவர் மட்டும் இல்லை. முன்பக்கத்துப் பிலோமினா அன்ரியின் ரோசாவில் கொப்புகள் வெட்டப்பட்டிருந்தன. கிராண்ட்பாஸில் இரும்புக்கடை வைத்திருக்கும் நசீர் நானாவின் புதினா, ஒரு மூலை மொட்டை. கறிக்கு வாசத்துக்குப் போடும் ரம்பையில் பக்கக்கன்று ஒன்றும் மிச்சமில்லை. நான் தாவரவியல் படித்தவள். கணக்குப் போட்டேன்: இது ஓர் ஆள், ஒழுங்காக, திட்டம் போட்டுச் செய்கிற வேலை. எங்கேயோ ஒரு சந்தியில் நம்முடைய கன்றுகள் விலைக்குப் போகின்றன!

யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது என் முதல் பிழை. திங்கட்கிழமை விடிய, வேலைக்குப் போகுமுன் ஒரு பலகையை எடுத்துச் சிவப்பு மையில் எழுதிப் படலையில் அறைந்தேன்.

“கன்று திருடும் கள்ளர்களே! உங்கள் முகம் கமராவில் பதிவாகிவிட்டது.”

தமிழில் கள்ளர், சிங்களத்தில் ஹொரு, ஆங்கிலத்தில் தீவ்ஸ். மூன்று மொழியிலும் எழுத்துப்பிழை இல்லை. கமரா என்று ஒன்றும் இருக்கவில்லை. யோகட் கப் ஒன்றுக்குக் கறுப்பு மை அடித்து மாமரத்தில் கட்டிவிட்டேன். தூரத்தில் நின்று பார்த்தால் அசல் கமராதான். படம் எடுத்துச் சிநேகிதிகளுக்கு அனுப்பிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அவ்வளவு பெருமை!

செவ்வாய்க்கிழமை மத்தியானம் காணிக்கார அன்ரியின் போன் வந்தது.

“பிள்ளை, எங்கட காணியை வாகனம் நிப்பாட்டிற இடமாக்க ஒரு ஆள் கேக்கிறான். நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை. சனிக்கிழமை காலமை ஒன்பது மணிக்கு நேர வந்து பாக்கிறன். அங்க உண்மையா சனம் வந்து போகுதெண்டா விட்டுடுறன். நீரும் உம்மட சிநேகிதப் பிள்ளையளும் மட்டும் நிண்டு போட்டோவுக்குச் சிரிக்கிறதெண்டா, அவனுக்கே குடுத்திடுவன். சரியோ?”

“சரி அன்ரி! வாங்கோ! நீங்களே பாப்பீங்கள்!” என்றேன். பயப்பட என்ன இருக்கிறது? பின்னேரம் ஐந்து மணிக்குத் தோட்டத்தில் குறைந்தது இருபது பேர் நிற்பார்கள். சனிக்கிழமை என்றால் நடக்க இடமிருக்காது.

அன்று ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஐந்தரைக்கும் இல்லை. தக்காளி தலை தொங்கி நின்றது. எண்ணிப் பார்க்காமல் தூங்காத சிவராசா அங்கிள்கூட வரவில்லை. ஒரு காகம் மட்டும் மாமரத்தில் இருந்து யோகட் கப்பைக் கொத்திக்கொண்டிருந்தது.

புதன்கிழமையும் அதே கதை. ஆறு மணி போல் படலைக்கு வெளியே ஒரு குடை வந்து நின்றது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. குடையை மாமரப் பக்கமாகச் சரித்துப் பிடித்துக்கொண்டு பிலோமினா அன்ரி நின்றார்.

“மகள், அந்தக் கமராவில தோட்டம் மட்டுமா தெரியும், ரோட்டும் தெரியுமா?”

“ஏன் அன்ரி, உள்ள வாங்கோவன்.”

“இல்ல, இல்ல, இங்கேயே நிக்கிறன்.” குரல் இறங்கியது. “என்ட முகம் நல்லா விழுந்திருக்கா?”

“உங்கட முகமா?”

“நான் எடுத்தது ஒண்டே ஒண்டு மகள். சிவராசா ஐயாட கறிவேப்பிலையில ஒரு குட்டி. அதுவும் இந்த வருசம் இல்ல, போன வருசம்.”

“கேட்டிருந்தா அவரே தந்திருப்பாரே, அன்ரி?”

“ஐயோ, கேட்டு வாங்கினா அது பிடிக்குமா?” அவசரத்தில் குடையைக்கூட மறந்துவிட்டார். “என்ன படிச்ச பிள்ளை நீ! கறிவேப்பிலை, ரோசா, புதினா எல்லாம் களவெடுத்து நட்டாத்தானே வரும்! என்ட ரோசாவ நசீர் நானா வெட்டுவார். நானாட புதினாவ சிவராசா ஐயா கிள்ளுவார், தன்ட குட்டி போனா மட்டும் சத்தம் போடுவார். ஒரு கையில தண்ணி வாளி, மற்றக் கை புதினாவில. ஆள் கிட்ட வாறது தெரிஞ்சா, பாத்திக்காரர் மற்றப் பக்கம் திரும்பி நிக்கோணும். அதுதானே மரியாதை!”

சின்ன வயதில் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். பகிடி என்று நினைத்திருந்தேன். இரண்டு வருடமாக என் கண்ணுக்கு முன்னால் ஒரு தோட்டம் முழுக்க இப்படித்தான் கன்று மாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. யாரோ ஓர் ஆளுக்காக நான் அறைந்த பலகையை இருபது பேரும் தங்களுக்கென்று வாசித்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“அன்ரி, பயப்பிடாதீங்கோ! கமராவே இல்லை! அது யோகட் கப்!”

அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன். குடை மெதுவாக மடிந்தது.

“அப்ப பொய்யா எழுதினியா?”

“சும்மா வெருட்டத்தான்…”

“பொய் சொல்லி எங்கள கள்ளர் எண்டியா?”

திரும்பிப் போய்விட்டார். பிழையை ஒப்புக்கொள்ளும்போது சிரிக்காதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பு வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

அந்த நிமிடமே பலகையைக் கழற்றினேன். வியாழக்கிழமை வேலையில் அரைநாள் லீவு போட்டு நசீர் நானாவின் கடைக்கு ஓடினேன். அவர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“நானா, ரோசாக் கொப்புக் கதையெல்லாம் எனக்கு ஒண்டுமே இல்லை, அதை விடுங்கோ…”

“மகள், நான் களவெடுத்த. இல்ல எண்டு செல்லல்ல. ரெண்டு கொப்பு எடுத்த.” தராசில் இருந்து ஓர் ஆணியை எடுத்துத் திரும்பப் போட்டார். “ஆனா நான் கள்ளன் இல்ல.”

தராசு முள்ளைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

“அந்தப் பலகய இந்தக் கடைக்கி வாற ஆக்கள் எல்லாரும் வாசிச்ச. ஒரு மனிசன் கேட்ட, ‘நானா, ஒயாலா ஹொருத?’ எண்டு. நீங்கள்ளாம் கள்ளரா எண்டு. பகிடிக்கித்தான் கேட்ட. முப்பது வருசமா இந்தத் தராச வெச்சிட்டு ஈக்கிற மகள், நான்.”

பிறந்ததில் இருந்து தமிழ் பேசுகிறேன். களவெடுப்பதற்கும் கள்ளனுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறது என்று அந்த இரும்புக்கடையில்தான் விளங்கியது. ‘களவெடுத்தனான்’ என்று சிரித்துக்கொண்டு சொல்லலாம், கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ‘கள்ளன்’ கூடவே வரும், கடைக்குள் வரும், பிள்ளையின் கலியாணப் பேச்சு வரைக்கும் வரும். நீங்களும் ஒரு நாள் படலையில் ஏதாவது எழுத வேண்டி வரும். அப்போது ‘கன்று கிளப்ப வேண்டாம்’ என்று எழுதுங்கள். ‘குழாயை மூடுங்கள்’ என்று எழுதுங்கள். ஆளுக்குப் பெயர் மட்டும் வைக்காதீர்கள்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ நானா,” என்றேன். இந்த முறை சிரிக்கவில்லை. சனிக்கிழமை காணிக்கார அன்ரி வருவதையும், ஆட்கள் வராவிட்டால் காணி போய்விடும் என்பதையும் சொன்னேன்.

ஆணியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே, “சனிக்கிழம நாங்க எப்பிடியும் வாற,” என்றார். “ஒம்பதரைக்கி. எல்லாரும் கதச்சி முடிச்ச.”

“எல்லாருமா?!”

“எல்லாரும்.”

பஸ்ஸில் நின்றபடியே துள்ளினேன். மன்னித்துவிட்டார்கள்! என்ன மனிதர்கள்! என்ன கதைத்து முடித்தார்கள் என்று ஒரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை சரியாக ஒன்பது மணிக்குக் காணிக்கார அன்ரி வந்து இறங்கினார். வெள்ளைச் சப்பாத்து, கையில் தண்ணீர்ப் போத்தல். ஒரு சுற்றுச் சுற்றினார். காய்ந்த பாத்தி, வெறும் வாளி, நான். ஒன்பதே காலுக்கும் நான் மட்டும்தான்.

“எங்க பிள்ளை உம்மட சனம்?”

கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, காய்ச்சல்… நாலைந்து பொய் வரிசையாக நாக்கில் வந்து நின்றது. கொட்டாஞ்சேனையில் எந்தச் சனிக்கிழமைக்கும் ஒரு திருவிழா சொல்லலாம். ஆனால் ஏற்கெனவே ஒரு பொய்யை மரத்தில் கட்டித்தான் இந்த நிலைமை.

“வழக்கமா வருவினம் அன்ரி. நான்தான் அவையைக் கள்ளர் எண்டு எழுதிப்போட்டன். அதுதான் வரேல்லை.”

“கள்ளர் எண்டோ? எங்க எழுதினனீர்?”

“படலையில. மூண்டு மொழியிலயும்.”

“பிழையில்லாமலோ?”

“பிழையில்லாமல்தான் அன்ரி.”

“ம். படிச்ச பிள்ளையள்,” என்று போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். அவ்வளவுதான், காணி போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் ரோட்டில் சத்தம் கேட்டது.

முதலில் வந்தது ஓர் ஓட்டோ. அதன் ஒரு பக்கத்தால் மரம் ஒன்று தலையை நீட்டிக்கொண்டு, இலை எல்லாம் காற்றில் அடிபட வந்தது. ஆளை விட உயரமான கறிவேப்பிலை! பின்சீற்றில் அதன் பூச்சாடியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு பிலோமினா அன்ரி. பின்னால் நசீர் நானா, இரண்டு பெயின்ற் வாளி நிறைய ரோசா, பூவோடு. அவருக்குப் பின்னால் சிவராசா அங்கிள், ஐஸ்கிறீம் டப்பா ஒன்றைச் சேட்டோடு அணைத்தபடி, யாரையும் பார்க்காமல். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பதினைந்து, இருபது பேர். ரம்பை, வெற்றிலைக் கொடி, துளசி, கற்றாழை. கோப்பை, டின், உடைந்த சட்டி, குழந்தையைக் குளிப்பாட்டும் பேசின். இவ்வளவும் இந்தத் தோட்டத்தில் இருந்து போனதா! கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் எத்தனை பல்கனி, எத்தனை படிக்கட்டு, எத்தனை யன்னலில் இது வளர்ந்திருக்கிறது! தாவரவியல்காரிக்கு அந்த நேரத்திலும் நெஞ்சு குதித்தது.

“இவையள் ஆர்?” என்றார் காணிக்கார அன்ரி.

“தோட்டத்து ஆக்கள்.”

படலையடியில் ஓட்டோ நின்றது. பிலோமினா அன்ரி இறங்கிச் சாடியை இழுத்து என் காலடியில் வைத்தார்.

“இந்தாங்க. உங்கட மரம். எண்ணி எடுங்க. இனி எங்கள ஒருத்தரும் கள்ளர் எண்டு சொல்லேலாது.”

‘மகள்’ என்ற சொல் போய்விட்டது. ‘நீ’யும் போய்விட்டது. ‘எண்ணி எடுங்க’ என்றார். அந்த மரியாதை கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது. சுற்றிப் பார்த்தேன். எல்லார் கையிலும் கன்று. ஒருவர் கையில்கூட மண்வெட்டி இல்லை, தண்ணீர் வாளி இல்லை. அவர்கள் தோட்டத்துக்கு வரவில்லை, கணக்கை முடிக்க வந்திருக்கிறார்கள். இந்தச் சாடிகளை வாங்கி உள்ளே வைத்தேன் என்றால் அத்தோடு சரி. இனி ஒருவரும் இந்தப் படலை தாண்ட மாட்டார்கள்.

வாங்கினால் போய்விடுவார்கள். வாங்காவிட்டால் கள்ளர் என்ற சொல் அவர்கள் மேலேயே நிற்கும். மன்னிப்பு ஏற்கெனவே கேட்டாகிவிட்டது, அது போதவில்லை. என் மூளையில் ஒன்றும் இல்லை. வாயில் இருந்துதான் வந்தது.

“திருப்பிக் குடுக்கக் கூடாது!”

“ஏன் கூடாது?” என்றார் நசீர் நானா.

“களவெடுத்து நட்ட கன்றைத் திருப்பிக் குடுத்தா… தாய்மரம் பட்டுப்போகும்!”

பல்கலைக்கழகத்தில் எனக்குப் படிப்பித்தவர்கள் ஒருவரும் அங்கே இல்லாதது நல்லது. சிவராசா அங்கிள் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் கண் இமைக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று…

பிலோமினா அன்ரி குனிந்து சாடியின் விளிம்பைப் பிடித்தார். மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார்.

“ஓம்,” என்றார். “எங்கட பெரியம்மாவும் சொல்றவ.”

“எங்கட ஊட்டிலயும் செல்லுற,” என்றார் நசீர் நானா. “ரோசா எண்டா சுத்தமாக் கூடாது.”

“புதினாவுக்கும் அப்பிடித்தானோ?” என்று சிவராசா அங்கிள் டப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“ஐயா, அது என்ட புதினாதானே?”

“…ஓம்.”

“தெரியும். அண்டைக்கி நான் கண்ட. திரும்பி நிண்ட.”

“நானும் நினைச்சனான், இவர் ஏன் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறார் எண்டு!”

முதலில் ஓட்டோக்காரர்தான் சிரித்தார். பிறகு எல்லாரும். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னே, அடங்கினால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று, எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: “கமரா எண்டது பொய். கள்ளர் எண்டது அதைவிடப் பெரிய பொய். ரெண்டையும் எழுதினது நான்.”

“சரி சரி,” என்றார் பிலோமினா அன்ரி. “வாய் பாத்திட்டு நிக்காம போய் அந்தத் தக்காளிக்குத் தண்ணி ஊத்து, மகள். செத்துப்போய் நிக்குது.”

ஓடினேன்! வாளி தேடி எல்லாரும் ஓடினார்கள். சாடிகளை மாமர நிழலில் வைத்துவிட்டு ஒவ்வொருவரும் தங்கள் பாத்திக்குள் இறங்கினார்கள். குழாயடியில் சண்டை தொடங்கியது. சிவராசா அங்கிள் ஓட்டோவில் வந்த கறிவேப்பிலையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார்.

“பிலோமினா, இது என்ட மரத்தைவிட உயரமா நிக்குதே!”

“களவெடுத்ததெல்லோ ஐயா!”

அன்று நான் சொன்னதும் பொய்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். திங்கட்கிழமைப் பொய் ஆட்களை வெளியே துரத்தியது, சனிக்கிழமைப் பொய் உள்ளே விட்டது. அது போதுமான பதிலா என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஐந்து நிமிடத்திலேயே அதற்கும் பதில் சொல்ல வேண்டி வந்தது.

காணிக்கார அன்ரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் போன் இருந்தது.

“பிள்ளை, திருப்பிக் குடுத்தாப் பட்டுப்போகும் எண்டு சொன்னனீர். உண்மையா அப்பிடி ஒரு வழக்கம் இருக்கோ? எங்கட வீட்டில நான் கேள்விப்படேல்லை.”

அவருக்குப் பின்னால் தோட்டம் நிறைய ஆட்கள். என் கையில் தண்ணீர் சொட்டும் வாளி. ‘ஓம்’ என்று ஒரு சொல் போதும். பிலோமினா அன்ரியின் பெரியம்மா சாட்சிக்கு இருந்தார்.

“இல்லை அன்ரி,” என்றேன். “கால் மணித்தியாலத்துக்கு முதல்தான் தொடங்கினது.”

என் முகத்தையே பார்த்தார். பிறகு குழாயடியைப் பார்த்தார். அங்கே நசீர் நானாவும் சிவராசா அங்கிளும் ஒரே வாளியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அன்ரி போனில் ஓர் இலக்கத்தை அழுத்திக் காதில் வைத்தார்.

“மல்லி, ஏ இடம தென்ன பே,” என்றார். தம்பி, அந்தக் காணியைத் தர முடியாது.

அந்தப் பக்கத்தில் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

“எதன மினிஸ்ஸு இன்னவா,” என்றார். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.